ரெண்டு உச்சி... ஒரே பகல்!

தென்னேரியில் மலை கிடையாது. எங்கள் ஊரில் உயரமான இடம் எது என்று கேட்டால் ஏரிக்கரையைக் காட்டுவோம். அடுத்தது செல்போன் டவர். அதில் ஏறினால் போலீஸ் வரும். வாலாஜாபாத்திலிருந்து சுங்குவார்சத்திரம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து பாருங்கள்... வயல், பனைமரம், கம்பெனி காம்பவுண்டு, மறுபடி வயல். சைக்கிளில் டபுள்ஸ் அடித்தால்கூட மூச்சு வாங்காத பூமி!

இப்படிப்பட்ட ஊர்க்காரனுக்குத்தான் மலை மேல் மோகம் அதிகம். ஊட்டிக்காரர்கள் மெரீனாவைப் பார்த்ததும் பேன்ட்டை மடித்துக்கொண்டு ஓடுகிறார்களே, அந்த மாதிரி.

எங்கள் கோஷ்டி நாலு பேர். ஒரகடம் பக்கம் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கும் தம்பி (வயசு 26, முழங்கால் இரண்டும் புதுசு). கூட்டுறவு வங்கி கேஷியர் (வயசு 41, முழங்கால் இரண்டும் பழசு). காஞ்சிபுரத்தில் ஆடிட்டர் ஆபீஸில் குப்பை கொட்டும் நண்பர். அப்புறம் அடியேன்.

திட்டம் ஷிப்ட் தம்பியுடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரை டீக்கடையில் போனில் மேப்பை விரித்தான். "ண்ணா, இங்க பாருங்க. இது கொழுக்குமலை. இது மீசைப்புலிமலை. நடுவுல ஒரு விரக்கடைகூட இல்ல. காலைல குரங்கணில ஏறுறோம். ரெண்டு உச்சியும் தொடுறோம். சாயங்காலம் எறங்கி வந்து போடில பரோட்டா சாப்பிடுறோம். அவ்ளோதான் மேட்டரு!"

கேஷியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போனைப் பார்த்தார். "மேப்பில எல்லாம் தட்டையாத்தானே இருக்கு?" என்றார். மனுஷர் பணத்தை மட்டுமல்ல, எதையும் இரண்டு முறை எண்ணுகிறவர்.

முதலில் அந்த இரண்டு உச்சிகளைப் பற்றிக் கொஞ்சம். மேற்குத் தொடர்ச்சி மலையில் தேனி மாவட்டமும் கேரளத்து இடுக்கி மாவட்டமும் முதுகோடு முதுகாக உட்கார்ந்திருக்கும் இடம் அது. மீசைப்புலிமலை 2,640 மீட்டர். அடிக்கணக்கில் 8,661. தென்னிந்தியாவில் ஆனைமுடிக்கு (2,695 மீட்டர்) அடுத்த இடம் இதற்குத்தான். நாமெல்லாம் பஸ்ஸில் போய் இறங்கி, மிளகாய் பஜ்ஜி தின்று, போட்டோ எடுத்துக்கொண்டு வருகிற தொட்டபெட்டாவைவிட மூன்று மீட்டர் ஒஸ்தி. ஆனால் இங்கே பஸ் இல்லை. பஜ்ஜி இல்லை. புலிக்கு மீசை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லவும் ஆள் இல்லை.

கொழுக்குமலை வேறு ரகம். ஏழாயிரம் அடிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். தோட்டம் இருப்பது தமிழ்நாட்டில், தேனி மாவட்டத்தில். ஆனால் அதற்கு ரோடு கேரளா வழியாக மட்டும்தான்! சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேர வேண்டும். தமிழ்நாட்டுப் பக்கமிருந்து நேராகப் போக வேண்டுமானால் குரங்கணியிலிருந்து கால்நடைதான்.

இந்தச் சரிவுகளில் ஒரு காலத்தில் மனிதர்களைவிடத் தேயிலைப் பெட்டிகள்தான் அதிகம் பிரயாணம் செய்தன. மூணாறு பக்கம் விளைந்த தேயிலையை வெள்ளைக்காரர்கள் டாப் ஸ்டேஷன் வரை கொண்டு வந்தார்கள். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கவிட்டுக் கீழே கொட்டகுடிக்கு இறக்கினார்கள். அந்த இடத்துக்குப் பெயர் பாட்டம் ஸ்டேஷன். அதன்பின் போடி, தூத்துக்குடி, கப்பல், லண்டன். மேலே டாப் ஸ்டேஷன் வரை சரக்கு வர 1902-ல் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். 1908-ல் அதைச் சின்ன ரயிலாகவே மாற்றினார்கள். 1924 வெள்ளம் அத்தனையையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. 'டாப் ஸ்டேஷன்' என்று ஊர்ப்பெயரில் ஸ்டேஷன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரயிலைக் காணோம்!

சரி, திட்டத்துக்கு வருவோம்.

பி.காம். படித்தவனிடம் எதைக் கொடுத்தாலும் இரண்டு பக்கக் கோடு போட்டுக் கணக்கு எழுத ஆரம்பித்துவிடுவான். நானும் எழுதினேன். வரவுப் பக்கத்தில் ஒரே ஒரு ஐட்டம்: பகல் வெளிச்சம். ஜனவரியில் போடி பக்கம் சூரியன் உதித்து மறைய சுமார் பதினொன்றரை மணி நேரம். செலவுப் பக்கத்துக்கு ஒரு ஸ்காட்லாந்துக்காரரைப் பிடித்தேன்.

அவர் பெயர் வில்லியம் நெய்ஸ்மித். 1892-லேயே மலை நடைக்கு ஒரு வாய்ப்பாடு சொல்லிவிட்டார். தூரத்தில் மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம். உயரத்தில் இரண்டாயிரம் அடிக்கு மேலும் ஒரு மணி நேரம். இரண்டையும் கூட்டிக்கொள்ள வேண்டியது. இன்றைக்கும் உலகம் பூரா மலையேறுகிறவர்கள் இதில் ஆரம்பித்துத்தான் கூட்டிக் கழிக்கிறார்கள்.

குரங்கணியிலிருந்து கொழுக்குமலைக்குத் தோராயமாக ஐயாயிரம் அடி ஏற்றம். பாதை வளைந்து வளைந்து போவதால் பத்து கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டேன். நெய்ஸ்மித் கணக்கில் தூரத்துக்கு இரண்டு மணி, உயரத்துக்கு இரண்டரை, ஆக நாலரை மணி நேரம். அங்கிருந்து முகடு வழியாக மீசைப்புலிமலை போக ஒரு இரண்டரை. திரும்ப ஒரு இரண்டரை. கீழே இறங்க இரண்டு.

கூட்டினால் பதினொன்றரை மணி நேரம். பகல் வெளிச்சமும் பதினொன்றரை. டேலி!

ஷிப்ட் தம்பி எழுந்து நின்று கை தட்டினான். "நான்தான் சொன்னேன்ல!"

ஆடிட்டர் ஆபீஸ் நண்பர் பேப்பரை வாங்கிப் பார்த்தார். எந்தக் கணக்கு டேலி ஆனாலும் சந்தேகப்படுவதற்குத்தான் அவருக்குச் சம்பளம். "நெய்ஸ்மித் எங்க உக்காந்து சாப்பிடறார்?" என்றார்.

நியாயமான கேள்வி. நெய்ஸ்மித் சாப்பிடுவதில்லை. போட்டோ எடுப்பதில்லை. ஷூ லேஸ் கட்டுவதில்லை. பங்குனி வெயில் அவருக்குத் தெரியாது. முக்கியமாக, அவர் கேஷியரோடு நடந்ததில்லை. நம்மைப் போல ஆபீஸில் எட்டு மணி நேரம் நாற்காலி தேய்க்கிறவர்கள் வாய்ப்பாட்டுக் கணக்கோடு பாதி சேர்த்துக்கொள்வதுதான் யோக்கியம். அப்படிச் சேர்த்தால் பதினேழு மணிக்கு மேல். அதாவது, காலை ஆறரைக்குக் கிளம்பினால் நள்ளிரவு தாண்டி பரோட்டா. கடை சாத்தியிருக்கும்.

இன்னொரு விஷயம் எந்த வாய்ப்பாட்டிலும் இல்லை. குரங்கணி இருப்பது மலையின் கிழக்குப் பக்கம். மதியத்துக்கு மேல் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குகிறது. சூரியன் மறைய நேரம் இருக்கிறது என்று காலண்டர் சொல்லும்போதே கீழ்ச்சரிவில் நிழல் விழுந்து, மரத்தடியில் இருட்டு கட்ட ஆரம்பித்துவிடும். வரவுப் பக்கத்திலேயே ஒரு மணி நேரம் அடிபட்டுப் போகிறது.

"அப்ப ராத்திரியே ஏறிடலாம்ணா," என்றான் தம்பி, அசராமல். "எனக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் இருக்கான். பர்மிஷன் கிர்மிஷன் ஒண்ணும் வேணாம். ராத்திரியோட ராத்திரியா ஏத்தி விட்டுடுவானாம். தலைக்கு எண்ணூறு ரூவா."

ஒவ்வொரு கோஷ்டியிலும் இப்படி 'ஒருத்தனைத் தெரிந்தவன்' ஒருத்தன் இருப்பான். சினிமா டிக்கெட்டுக்கு அவன் உதவுவான். ரேஷன் கார்டுக்கும் உதவலாம். மலைக்கு உதவமாட்டான். ஏன் என்பதற்கு அதே குரங்கணி மலையே சாட்சி.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்து ஒரு குழு. ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்து ஒரு குழு. பெரும்பாலும் நம்மைப் போல வேலைக்குப் போகிற இளைஞர்கள், இளம்பெண்கள். வார விடுமுறைக்கு வந்தவர்கள், திங்கட்கிழமை ஆபீஸ் போக வேண்டியவர்கள். கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தபோது, ஒத்தமரம் என்கிற இடத்துக்கருகே காட்டுத்தீயில் சிக்கிக்கொண்டார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்து போனார்கள். சிலர் அங்கேயே, மற்றவர்கள் ஆஸ்பத்திரிகளில், நாள் கணக்கில் போராடி.

முதலில் மேலே ஓடியவர்கள் குரங்கணி ஊர்க்காரர்கள்தான். கிடைத்த துணியிலும் கம்பிலும் தூளி கட்டி இருட்டில் ஆட்களைத் தூக்கி வந்தார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. விசாரணைக்கு அதுல்ய மிஸ்ரா ஐ.ஏ.எஸ். நியமிக்கப்பட்டார். அனுமதி இருந்ததா, எந்தப் பாதைக்கு இருந்தது, யார் அழைத்துப் போனது என்று பேப்பரில் பல நாள் ஓடியது.

எனக்கு அந்தச் செய்திகளைப் படித்ததிலிருந்து ஒரே ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. தீ சமதரையில் ஓடுகிற மாதிரி மலையில் ஓடுவதில்லை. எங்கள் ஊரில் அறுவடை முடிந்த வயலில் தாள் கொளுத்தினால் நடந்தே தள்ளிப் போய்விடலாம். சரிவில் ஜுவாலை மேல்நோக்கிச் சாய்ந்து, அடுத்த புல்லை முன்கூட்டியே சுட்டுக் காயவைத்துவிடுகிறது. பத்து டிகிரி சரிவு கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பு என்பது காட்டுத்தீ நிபுணர்களின் பொதுக்கணக்கு. இருபது டிகிரி என்றால் நாலு மடங்கு. நாம் மேலே ஏறினால் நம் வேகம் பாதியாகிறது. ஆள் உயரக் காய்ந்த புல். ஒற்றையடிப் பாதை. இரண்டு பக்கமும் பள்ளம். இந்தக் கணக்கை எந்த முழங்காலாலும் ஜெயிக்க முடியாது.

டீக்கடையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. தம்பி அந்த வருஷம்தான் பாலிடெக்னிக் முடித்தானாம். "டி.வி.ல பாத்தேண்ணா," என்றான். எண்ணூறு ரூபாய்ப் பையனைப் பற்றி அதற்கப்புறம் பேச்சு இல்லை.

அனுமதிச் சீட்டு என்றால் நம் ஆட்களுக்கு ஒரு இளக்காரம் உண்டு. கவர்மென்ட்டு காசு பிடுங்குகிறது, கிளார்க்கு இழுத்தடிக்கிறார், இத்யாதி. ஆனால் மலையைப் பொறுத்தவரை அந்தச் சீட்டுக்கு ஒரே அர்த்தம்தான்: இன்ன தேதியில், இன்ன பாதையில், இத்தனை பேர் மேலே இருக்கிறார்கள் என்பது கீழே ஒருவருக்குத் தெரியும். ஆறு மணிக்குள் வரவில்லை என்றால் ஒருவர் ஏழு மணிக்கு வாட்சைப் பார்ப்பார். திருட்டுத்தனமாக ஏறினவனுக்கு வாட்சைப் பார்க்க ஆள் கிடையாது.

அந்தத் தீக்குப் பிறகு 2018-லேயே தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் போட்டது. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று ஒரு திட்டத்தைத் தொடங்கி, 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்தது. லேசு, நடுத்தரம், கடினம் என்று மூன்று ரகம். இணையத்தில் முன்பதிவு. உள்ளூர் இளைஞர்களுக்கே பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாகப் போட்டிருக்கிறார்கள். இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்த அம்சம் அதுதான். தீ சீசன் என்று பிப்ரவரி 15-லிருந்து ஏப்ரல் 15 வரை கதவைச் சாத்திவிடுகிறார்கள். மார்ச்சில் 'இயர் எண்டிங்' முடித்துவிட்டுக் களைப்பாறப் போகலாம் என்று நினைக்கிற அக்கவுன்ட்ஸ் ஆசாமிகள் கவனிக்க!

அந்த 40-ல் தேனி மாவட்டத்துக்கு குரங்கணி - சாம்பலாறு பாதை இருக்கிறது. நம் தம்பியின் ரெட்டை உச்சிப் பாதை இல்லை. மீசைப்புலிமலையோ கேரளத்து எல்லைக்குள். அங்கே கேரள வன வளர்ச்சிக் கழகம் மூணாறு பக்கமிருந்து ஆட்களை அழைத்துப் போகிறது. முன்பதிவு, வழிகாட்டி இரண்டும் அவர்கள் கையில். தமிழ்நாட்டுச் சரிவில் ஏறி, கேரளத்து உச்சியைத் தொட்டுவிட்டு, மறுபடி தமிழ்நாட்டில் இறங்குவது என்றால் இரண்டு ராஜ்யங்களின் வனத்துறைக்கும் ஒரே நாளில் டிமிக்கி கொடுக்க வேண்டும். மேப்பில் விரல் வைத்தால் எல்லைக்கோடு தடுக்காது. காட்டில் தடுக்கும்.

போடிப் பக்கம் ஜீப் ஓட்டும் ஒருவரின் நம்பர் கிடைத்தது. பேசினேன். குரலில் ஐம்பது வயசு தெரிந்தது.

"அண்ணே, காலைல ஏறி ரெண்டு உச்சியும் பாத்துட்டு எறங்கிரலாமாண்ணே?"

"எந்த ஊரு தம்பி?"

"காஞ்சிபுரம் பக்கம்ணே. தென்னேரி."

"அங்கிட்டு மலை இருக்கா?"

"இல்லண்ணே."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. சிரிப்பை அடக்குகிறார் என்று நினைக்கிறேன். அப்புறம் சொன்னார்: "ஏறுறத விடுங்க தம்பி. எறங்குறத யோசிங்க. மத்தியானத்துக்கு மேல மஞ்சு வந்து மூடுச்சுன்னா முன்னாடி போறவன் முதுகு தெரியாது. மழ வேற பேஞ்சிருந்தா அட்டை புடுங்கும். காட்டுமாடு நிக்கும். எல்லாரும் எம்புட்டு நேரத்துல ஏறலாம்னுதான் கேக்குறாக. எத்தன மணிக்குத் திரும்பணும்னு ஒருத்தரும் கேக்க மாட்டேங்குறாக."

இதற்கப்புறம் பேப்பரைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு எழுதினேன். அதாவது, வெளிச்சம் போகும் நேரத்திலிருந்து பின்னோக்கி. மாலை நாலரைக்குள் தங்குமிடம். அதற்கு முன்னால் இறக்கம். அதற்கு முன்னால் உச்சி. உச்சியைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் மதியம் ஒரு மணிக்கு முகத்தைத் திருப்பிவிட வேண்டும். மேலே பதிவு செய்து அழைத்துப் போகிற வழிகாட்டி இதற்கும் முன்னால் திரும்பு என்றால் அவர் சொல்வதுதான் கணக்கு.

திருத்திய திட்டம் இது. ரெண்டு உச்சி உண்டு. ஒரே பகல் கிடையாது.

வெள்ளி ராத்திரி சென்னையிலிருந்து போடி ரயில். 2023 ஜூனில் ஆரம்பித்தது. வாரத்தில் மூன்று நாள் ஓடுகிறது. மதுரை - போடி மீட்டர் கேஜை எடுத்துவிட்டு அகலப்பாதை போட்டு முடிப்பதற்குள் ஒரு தலைமுறைக்கே மீசை முளைத்துவிட்டது. ரயில் போடியில் சேரும்போது காலை ஒன்பதுக்கு மேல் ஆகிவிடும். அன்றைக்கே மலை ஏறுகிறேன் என்று யாரும் குதிக்க வழியில்லாமல் ரயில்வேயே பார்த்துக்கொள்கிறது. நல்லதுதான்.

சனிக்கிழமை போடிமெட்டு ரோட்டில் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே பூப்பாறை, சூரியநெல்லி. அங்கே ராத்தங்கல். ஞாயிறு விடிவதற்கு முன்னால் ஜீப்பில் கொழுக்குமலை. சூரியோதயம், தேயிலைத் தொழிற்சாலை, ஒரு டீ. அப்படியே மூணாறு. அன்று இரவு மலையடிவார முகாம். திங்கட்கிழமை வழிகாட்டியோடு மீசைப்புலிமலை. நாலு பேருக்கும் லீவ் கிடைக்க வேண்டும். ஜனவரி கடைசி. பிப்ரவரி 15-க்கு முன்னால், மழைக்குப் பின்னால்.

"ஒரு உச்சிக்கு ஜீப்ல போறதெல்லாம் ஒரு ட்ரெக்காண்ணா?" என்று தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அவன் வருத்தம் எனக்குப் புரிகிறது. முகடு வழியாக ஒரு உச்சியிலிருந்து இன்னொரு உச்சிக்கு, இரண்டு பக்கமும் மேகம் கீழே கிடக்க, நடந்தே போவது என்பது ஒரு கனவுதான். சட்டப்படி அந்தக் கதவு என்றைக்காவது திறக்கட்டும். முதல் டிக்கெட் அவனுக்கு.

நடுவில் பயிற்சி. ஏரிக்கரையில் நடந்தால் மூச்சு வரும், ஏற்றம் வராது. எங்களுக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பது திருக்கழுக்குன்றம். வேதகிரீஸ்வரர் மலை ஐந்நூறு அடி உயரம். படிகளும் ஐந்நூறுக்கு மேல். ஐயாயிரம் அடி ஏற்றம் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமா? வேதகிரியைப் பத்து முறை அடுக்கி வைத்து மனசுக்குள் ஏறிப் பாருங்கள்! கழுகு வருவது நின்று பல வருஷமாகிறது. நாங்கள் போன அன்று மலை உச்சியில் வட்டமிட்டது கேஷியருக்குக் கண்ணில் தெரிந்த பூச்சிகள் மட்டும்தான்.

சுவாமி தரிசனத்துக்கென்று கேஷியரின் மனைவியும் கூட வந்திருந்தார். தயிர்சாதக் கூடை, தண்ணீர் கேன், குடை சகிதம். நாங்கள் பாதி வழியில் ரெண்டாவது முறையாக உட்கார்ந்திருந்தபோது அண்ணி எங்களைத் தாண்டிப் போனார். மேலே போய்ச் சேர்ந்தபோது அர்ச்சனை முடித்துவிட்டு நிழலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். தம்பியே அவருக்குப் பின்னால்தான்!

அன்று படிகள் தீர்மானித்துக் கொடுத்த விஷயம் ஒன்று. வரிசையில் முதல் ஆள் கேஷியர். மெதுவாக நடக்கிறவர் முன்னால் போனால் கோஷ்டி ஒன்றாக இருக்கும். பின்னால் விட்டால், முன்னால் போகிறவர்கள் நின்று நிதானித்து ஓய்வெடுப்பார்கள், அவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தவுடன், "சரி, கிளம்பலாமா?" என்பார்கள். ரொம்பக் களைத்தவருக்கு ஓய்வே கிடைக்காது. பேங்க் க்யூவில் இது சரி. மலையில் ஆளைச் சாய்த்துவிடும்.

மூட்டை விவகாரத்தில் சண்டையே வந்தது. போடியில் பகல் 30 டிகிரி என்றால் மீசைப்புலி உச்சியில் அதே நேரம் 15 டிகிரிதான். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி வீதம் குறைகிறது. காற்று அடித்தால் இன்னும் குறைவாகத் தெரியும். எனவே ஸ்வெட்டர் உண்டு. ஜீன்ஸ் கிடையாது, நனைந்தால் காய மறுநாள் ஆகும். தண்ணீர் தலைக்கு மூன்று லிட்டர். அதாவது மூன்று கிலோ. தம்பி ஸ்பீக்கர் ஒன்று கொண்டுவருவேன் என்றான். காட்டுமாட்டுக்கு இளையராஜா பிடிக்குமா என்று நமக்குத் தெரியாது என்று சொல்லி ஆடிட்டர் நண்பர் அதை அடித்துவிட்டார். சிகரெட், தீப்பெட்டி இரண்டும் வீட்டில். இதற்கு விவாதம் இல்லை. நெற்றியில் கட்டும் டார்ச் நாலு. நாலரைக்குள் இறங்கப் போகிறவர்களுக்கு டார்ச் எதற்கு என்று கேட்கக்கூடாது. ஐந்தரைக்கு இறங்க நேர்ந்தால் அதற்குத்தான்.

புது ஷூ வேண்டாம். ஏரிக்கரையில் நாற்பது கிலோமீட்டராவது தேய்த்த ஷூ போதும். கால் நகத்தை வெட்டிக்கொள்ளுங்கள். இறக்கத்தில் விரல் ஷூ முனையில் போய் இடிக்கும்போது நான் ஏன் சொன்னேன் என்று தெரியும். செல்போன் இரண்டு மாநில டவருக்கும் நடுவில் தத்தளித்துப் பாட்டரியைத் தின்றுவிடும். சிக்னலை அணைத்து வைத்து, மேப்பை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வது உத்தமம். உப்புப் பொட்டலம் அட்டைக்கு. எலுமிச்சம்பழம், வேர்க்கடலை உருண்டை, வாழைப்பழம் நமக்கு.

கடைசியாக ஒரு பேப்பர். எந்த ரயில், எந்த ராத்திரி எங்கே தங்கல், திங்கட்கிழமை எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புகிறோம், இரவு எட்டு மணிக்குள் போன் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எல்லாவற்றையும் எழுதினோம். 112 உட்பட. நாலு வீட்டுக்கும் நாலு காப்பி.

கேஷியர் வீட்டில்தான் கொஞ்சம் பயந்துகொண்டே கொடுத்தோம். அண்ணி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுசாகப் படித்தார். அவருடைய வீட்டுக்காரர் நோட்டு எண்ணுகிற மாதிரி இரண்டு முறை.

"மத்தியானம் ஒரு மணிக்குத் திரும்பறதுன்னு போட்டிருக்கு. ஒரு மணிக்கு உச்சி பத்து நிமிஷ தூரத்துல இருந்தா?"

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மூன்று பேர் தம்பியைப் பார்த்தோம்.

"திரும்பிடுவோம், அண்ணி," என்றான் அவன். ரொம்பக் கஷ்டப்பட்டு.

"நெஜமா?"

"நெஜமா, அண்ணி."

அவர் பேப்பரை நாலாக மடித்து காலண்டருக்குப் பின்னால் செருகினார். சமையலறைக்குப் போகத் திரும்பினவர் நின்று, "ரயில் டிக்கெட் போட்டாச்சா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல, அண்ணி."

"அஞ்சா போடுங்க. எனக்கு லோயர் பர்த்."